பின்மார்க்சியம் பாரிஸில் பிறக்கவில்லை

வர்க்கம்தான் அரசியலின் மையம் என்ற மார்க்சியக் கட்டாயத்தை விட்டுவிட்ட சிந்தனை பின்மார்க்சியம். அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு பாரிஸ் ஞாபகம் வரும். தெரிதா, ஃபூக்கோ, லக்கான் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். மொழியைப் பிடித்துக்கொண்டு வர்க்கத்தைக் கைவிட்டவர்கள் என்று ஒரு தரப்பு திட்டும். கட்சி மார்க்சியத்திலிருந்து கிடைத்த விடுதலை என்று இன்னொரு தரப்பு கொண்டாடும். இரண்டு தரப்புமே இதைத் தத்துவவாதிகளுக்கு இடையிலான சண்டையாகத்தான் பார்க்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிலாளர்கள் கோட்பாடு சொன்னபடி நடந்துகொள்ளாத இடங்களில், தொழிற்சாலை வாசல்களிலும் தெருக்களிலும்தான், இந்தச் சிந்தனை பிறந்தது. பாரிஸ் அதற்குச் சொற்களைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

1980 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. கம்யூனிஸ்டு ஆட்சியிலிருந்த போலந்தின் கதான்ஸ்க் நகரில் லெனின் பெயர் தாங்கிய கப்பல் கட்டும் தளம். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த கிரேன் ஓட்டுநர் அன்னா வலென்டினோவிச்சை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று வியாழக்கிழமை வேலைநிறுத்தம் தொடங்கியது. சனிக்கிழமைக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. வலென்டினோவிச்சுக்கும், முன்பே நீக்கப்பட்ட எலக்ட்ரீஷியன் லெக் வலேசாவுக்கும் வேலை உண்டு, சம்பள உயர்வு உண்டு, 1970இல் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களுக்கு நினைவுச் சின்னமும் உண்டு. கேட்டது கிடைத்துவிட்டது. வலேசா வேலைநிறுத்தம் முடிந்ததாக அறிவித்தார். ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

அப்போது நடந்ததுதான் எனக்கு முக்கியம். கப்பல் தளத்துக்கு ஆதரவாக ஊரில் மற்ற இடங்களும் வேலையை நிறுத்தியிருந்தன. டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா கிஷிவோனோஸ் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு வந்தவர். நீங்கள் பெரிய தளம், உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் போய்விட்டால் எங்களைப் போன்ற சின்ன இடங்கள் அழிந்துபோகும், பஸ்ஸால் டாங்கியை எதிர்க்க முடியாது என்ற பொருளில் அவர் கத்தினார். வலென்டினோவிச்சும் நர்ஸ் அலினா பியன்கோவ்ஸ்காவும் வாசல்களுக்கு ஓடி, வெளியேறிக்கொண்டிருந்தவர்களை மறித்தார்கள். பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். கொஞ்சம் பேர் நின்றார்கள். அன்றிரவே பல தொழிற்சாலைகள் சேர்ந்த கூட்டு வேலைநிறுத்தக் குழு உருவானது.

அந்தக் குழுவின் 21 கோரிக்கைகளை ஒட்டுப்பலகைகளில் எழுதி இரண்டாம் வாசலில் மாட்டினார்கள். அந்தப் பலகைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. பட்டியலை மெதுவாகப் படித்துப் பார்க்க வேண்டும். சுதந்திரமான தொழிற்சங்கம் வேண்டும், வேலைநிறுத்த உரிமை வேண்டும் என்று தொடங்குகிறது. பிறகு அரசியல் கைதிகள் விடுதலை, கருத்துக்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட மாணவர்கள், எல்லா மதத்தினருக்கும் ஊடகத்தில் இடம். அப்புறம் இறைச்சிக்கு ரேஷன் அட்டை, குழந்தைகள் காப்பகத்தில் இடம், சம்பளத்தோடு மூன்று வருடப் பிரசவ விடுப்பு, வீட்டுக்காகக் காத்திருக்கும் காலத்தைக் குறைப்பது. கடைசியாக, எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை.

இவற்றுக்குள் இயல்பான உறவு எதுவும் கிடையாது. பூசை ஒலிபரப்பு கேட்கும் கத்தோலிக்கரும், கல்லூரியிலிருந்து துரத்தப்பட்ட மாணவரும், இறைச்சி வரிசையில் நிற்கும் பெண்ணும் ஒரே வர்க்க நலனிலிருந்து பேசவில்லை. எல்லாருக்கும் எதிரே ஒரே ஆட்சி நிற்கிறது. அந்த ஆட்சி ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அந்த ‘இல்லை’தான் அவர்களை ஒரு வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பின்மார்க்சியத்தின் மூல ஆசிரியர்களான எர்னஸ்டோ லக்லாவும் ஷாந்தால் மூஃபும் சமதைச் சங்கிலி என்று சொன்னது இதைத்தான். வேறுவேறான கோரிக்கைகள் தம் வேறுபாட்டை இழக்காமலேயே, பொது எதிரியின் முன் ஒன்றுக்கொன்று சமமாகின்றன. அந்த மொத்தச் சங்கிலிக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. அதற்குக் கிடைத்தது, ஒருமைப்பாடு என்று பொருள்படும் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கத்தின் பெயர். சுமார் 3.5 கோடி மக்கள் இருந்த நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு கப்பல் தளத்தின் குறிப்பிட்ட கோரிக்கையாகத் தொடங்கியது, நாட்டின் எல்லாக் குறைகளுக்கும் பெயராகிவிட்டது. குறிப்பான் என்றால் பொருளைச் சுட்டும் சொல். லக்லாவ் இத்தகைய பெயரை வெற்றுக் குறிப்பான் என்பார். எல்லாரையும் கொள்ள வேண்டியிருப்பதால், தனக்கே உரிய பொருள் அதில் மெலிந்துபோகிறது.

பழைய மார்க்சியப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தைப் படிக்க முயன்றால் எங்கே முட்டுகிறது என்று தெரியும். தொழிலாளர்களின் பெயரால் ஆளும் அரசுக்கு எதிராக, லெனின் பெயரிட்ட தளத்தில், உண்மையான தொழிலாளர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஆகஸ்ட் 31 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வலேசா எடுத்தது போப்பாண்டவர் படம் போட்ட ஒரு பெரிய பேனா. அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிடலாம், சதி என்று சொல்லலாம். பலர் அப்படித்தான் சொன்னார்கள். புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு வேறு கருவி தேவைப்பட்டது.

லக்லாவுக்கு அந்தத் தேவை போலந்துக்கு வெகு முன்பே வந்துவிட்டது. அவர் 1935இல் புவனஸ் அயர்ஸில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது, 1945 அக்டோபர் 17 அன்று, அந்த ஊரின் தொழிலாளர்கள் ஹுவான் பெரோனைச் சிறையிலிருந்து மீட்கத் தெருவுக்கு வந்தார்கள். பெரோன் ராணுவ கர்னல். தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர். சக அதிகாரிகளே அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். தொழிற்சங்கக் கூட்டமைப்பு 18ஆம் தேதிக்கு வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. ஆட்கள் காத்திருக்கவில்லை. பெரிஸோவின் இறைச்சிப் பதனிடும் ஆலைகளிலிருந்தும் அவெஜனேடாவிலிருந்தும் ஒரு நாள் முன்பே கிளம்பிவிட்டார்கள். ரியாச்சுவேலோ ஆற்றுப் பாலத்தைத் தூக்கிவிட்டபோது படகிலும் நீந்தியும் கடந்தார்கள். நகரத்தின் மையத்திலிருந்த மாயோ சதுக்கத்துக்கு வந்து, நடந்து களைத்த கால்களை நீரூற்றுத் தொட்டியில் நனைத்தபடி உட்கார்ந்தார்கள். அந்தப் புகைப்படம் அர்ஜென்டினாவில் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணி வாக்கில் பெரோன் மாடத்தில் வந்து நின்றார்.

கம்யூனிஸ்டுப் பத்திரிகைகளும் சோசலிஸ்டுப் பத்திரிகைகளும் வந்தவர்களை உதிரிகள், ரவுடிக் கூட்டம் என்று எழுதின. உண்மையான தொழிலாளர் வர்க்கம் இப்படி நடந்துகொள்ளாது என்பது அவர்கள் வாதம். அடுத்த பிப்ரவரித் தேர்தலில் அந்த இரண்டு கட்சிகளும் தாராளவாதிகளோடு கூட்டணி வைத்து, பழமைவாதிகளின் ஆதரவோடு பெரோனை எதிர்த்துத் தோற்றன. ஒரு நாட்டின் தொழிலாளர்கள் ஏறக்குறைய மொத்தமாக ஒரு பக்கம் போக, தொழிலாளர் கட்சிகள் எதிர்ப்பக்கம் நின்ற அந்தக் காட்சி அர்ஜென்டின இடதுசாரிகளை அதற்குப் பிறகு விடவே இல்லை.

1955இல் ராணுவம் பெரோனைத் தூக்கி எறிந்தது. மறு வருடம் வந்த ஓர் ஆணை அவர் பெயரைச் சொல்வதையே குற்றமாக்கியது. பத்திரிகைகள் ‘தப்பியோடிய கொடுங்கோலன்’ என்று எழுதின. பெயரைத் தடை செய்தபோதுதான் அந்தப் பெயர் உண்மையில் பெரிதானது. நாடுகடந்து மாட்ரிட்டில் உட்கார்ந்துகொண்டு பெரோன் எல்லாருக்கும் கடிதமும் ஒலிநாடாவும் அனுப்பினார். தொழிற்சங்கப் பெருந்தலைகள், பாசிசச் சாய்வு உள்ளவர்கள், சே குவேராவைப் போற்றும் இளம் கெரில்லாக்கள் என யாரையும் அவர் மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய பெரோனைக் கண்டுகொண்டார்கள். 1973 ஜூன் 20 அன்று அவர் திரும்பி வந்தபோது, எஸெய்ஸா விமான நிலையத்துக்கு அருகே கூடிய பெருங்கூட்டத்தில் பெரோனிய வலதுசாரிகள் மேடைப் பக்கமிருந்து பெரோனிய இடதுசாரிகளைச் சுட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சொல்லித்தான் வந்திருந்தன.

லக்லாவ் அறுபதுகளில் தேசிய இடதுசாரிச் சோசலிஸ்டுக் கட்சியில் இருந்தவர், அதன் வாரப் பத்திரிகையைக் கவனித்துக்கொண்டவர். 1966 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பல்கலைக்கழக வேலை போனது. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமின் உதவியோடு 1969இல் ஆக்ஸ்ஃபோர்டு போய், பிறகு எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தங்கினார். தெரிதாவின் கருத்துகளைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் தனக்கு இருக்கவில்லை, புவனஸ் அயர்ஸில் கட்சி வேலை செய்தபோதே அவை அனுபவமாகிவிட்டன என்ற பொருளில் அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நான் அதை முழுமையாக நம்புகிறேன்.

மூஃப் பெல்ஜியத்துக்காரர். பாரிஸில் மார்க்சியத் தத்துவவாதி அல்தூஸரின் வகுப்புகளில் உட்கார்ந்தவர், கொலம்பியாவில் பாடம் நடத்தியவர், பெண்ணியத்தில் ஈடுபாடு கொண்டவர். இருவரும் சேர்ந்து எழுதி 1985இல் வெளிவந்த ‘மேலாண்மையும் சோசலிச உத்தியும்’ (மேலாண்மை இங்கே நிர்வாகம் அல்ல, மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு தலைமை தாங்குவது) என்ற நூலைத்தான் பின்மார்க்சியத்தின் மூல நூல் என்கிறோம். அந்தப் பட்டத்தை அவர்கள் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

நூல் கடினமானது. ஆனால் அதன் நடுநரம்பு எளிமையானது. முதல் உலகப் போருக்கு முந்தைய சோசலிஸ்டுக் கட்சிகளின் கூட்டமைப்பான இரண்டாம் அகிலத்தின் காலத்தில், குறிப்பாக அதன் கோட்பாட்டாளர் கவுட்ஸ்கியிடம், முதலாளித்துவம் சமூகத்தை இரண்டாகப் பிளந்து எளிமையாக்கும், தொழிலாளர்கள் தாமே பெரும்பான்மையாவார்கள், வரலாறு நம் பக்கம் என்ற உறுதி இருந்தது. நடப்பில் அப்படி ஆகவில்லை. மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்ஸம்பர்க் 1905 ரஷ்யப் போராட்டங்களைப் பார்த்து அடுத்த வருடம் எழுதியபோது ஒன்றைக் கவனித்தார். இங்கே கூலிக்காக ஒரு வேலைநிறுத்தம், அங்கே அரசியல் உரிமைக்காக இன்னொன்று. ஒவ்வொன்றும் தன்னைத் தாண்டி மற்றதைச் சுட்டுகிறது, அந்தச் சுட்டலில்தான் வர்க்கம் ஒன்றாகிறது. அதாவது வர்க்க ஒற்றுமை முன்பே பொருளாதாரத்தில் தயாராக இருக்கவில்லை, போராட்டத்தில் உருவானது. லக்லாவும் மூஃபும் இங்கே ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஒற்றுமை அப்படித்தான் உருவாகிறது என்றால், உருவாவது வர்க்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று எது கட்டாயப்படுத்துகிறது? லக்ஸம்பர்க்கிடம் அதற்குப் பதில் இல்லை. பொருளாதார விதி பார்த்துக்கொள்ளும் என்று அவர் விட்டுவிடுகிறார்.

இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷி இன்னும் தூரம் போனார். 1920இல் டூரினில் ஆலைகளைக் கைப்பற்றிய தொழிலாளர்கள் தனித்து நின்று தோற்றதைக் கண்கூடாகப் பார்த்தவர். தெற்கு இத்தாலியின் விவசாயிகளைச் சேர்த்துக்கொள்ளாமல் வடக்கின் தொழிலாளர் எதையும் சாதிக்க முடியாது என்று 1926இல் எழுதிக்கொண்டிருந்தபோதே கைதானார். சிறைக் குறிப்பேடுகளில் அவர் வளர்த்த மேலாண்மைக் கருத்தின்படி, தலைமை தாங்குகிற வர்க்கம் தன் குறுகிய நலனைத் தாண்டி மற்றவர்களின் கோரிக்கைகளையும் தன்னதாக்கிக்கொள்ள வேண்டும். அந்த முயற்சியில் தானும் மாற வேண்டும். ஆனால் கிராம்ஷியிலும் ஓர் எல்லை இருந்தது. மையத்தில் ஓர் அடிப்படை வர்க்கம் இருந்தே தீர வேண்டும். லக்லாவும் மூஃபும் அந்தக் கடைசிக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். மையம் எது என்பதையும் அரசியல்தான் தீர்மானிக்கும். பெண்கள், கறுப்பினத்தவர், சுற்றுச்சூழல் போராளிகள், தற்பாலினர் யாருமே வர்க்கப் போராட்டத்துக்குத் துணைப்படை கிடையாது.

இதெல்லாம் புத்தகத்துக்குள் மட்டும் நடக்கவில்லை. அதே நேரத்தில் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருடம் போராடித் தோற்றார்கள். லண்டனிலிருந்து தற்பாலினர் குழு ஒன்று அவர்களுக்காகப் பணம் திரட்டிக் கொடுத்தது. 1985 கோடையில் தற்பாலினர் பேரணியில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பதாகையோடு நடந்தார்கள். பொருளாதார இடத்தை வைத்து யாராலும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாத கூட்டணி அது.

லக்லாவும் மூஃபும் கையாண்ட சொற்களில் சொல்லாடல் என்ற சொல்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. உலகத்தில் பேச்சைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அவர்கள் சொன்னதாக நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் தந்த உதாரணம் தெளிவானது. நான் சுவர் கட்டுகிறேன், செங்கல் எடு என்று கேட்கிறேன், வாங்கி வைக்கிறேன். கேட்டது பேச்சு, வைத்தது செயல். சுவர் கட்டுதல் என்ற முழுமையில்தான் இரண்டுக்கும் பொருள் வருகிறது. அந்த முழுமையைத்தான் அவர்கள் சொல்லாடல் என்கிறார்கள். செங்கல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

தமிழில் இந்தச் சிந்தனைகள் வந்த காலமும் காரணமும் தற்செயல் கிடையாது. சோவியத் யூனியன் சரிந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்களின் பக்கங்களில் கிராம்ஷியும் ஃபூக்கோவும் விளிம்புநிலை அரசியலும் சேர்ந்தே வந்தன. நம்மிடம் அதற்கான கேள்வி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. 1968 டிசம்பர் 25 கீழவெண்மணியில் 44 தலித்துகளை உயிரோடு எரித்தது கூலிப் பிரச்சினையா, சாதிப் பிரச்சினையா? செங்கொடியைப் பிடித்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். சேரியில் பிறந்தவர்கள் என்பதால் அத்தனை துணிச்சலோடு தாக்கப்பட்டார்கள். ஒன்றை மற்றொன்றின் நிழலாக்குகிற எந்த விளக்கமும் அந்தக் குடிசைக்குள் இருந்தவர்களுக்கு நியாயம் செய்யாது. சாதியைப் பொருளாதார அடித்தளத்தின் மேல் எழும் வெறும் மேற்கட்டுமானம் என்று சொல்லி ஒதுக்க முடியாது என்பதைச் சொல்ல நமக்கு லக்லாவ் தேவையில்லை. ஆனால் அதை மார்க்சியத்தின் மொழிக்குள்ளேயே வாதாட அவர் இடம் செய்து கொடுத்தார்.

எதிர்ப்பு உடனே வந்தது. மார்க்சிய அறிஞர் எல்லன் மெய்க்ஸின்ஸ் வுட் இதை வர்க்கத்திலிருந்து பின்வாங்குவது என்றார். இன்னொரு மார்க்சியர் நார்மன் ஜெராஸ் 1987இல் ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ என்ற பிரிட்டிஷ் இடதுசாரி இதழில் கடுமையாகத் தாக்கினார். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று தலைப்பிலேயே சொல்லி இருவரும் பதில் எழுதினார்கள். அந்தச் சண்டையில் ஜெராஸ் நிறைய இடங்களில் அவர்களைக் குறுக்கிப் படித்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் வுட் தொட்ட புண் உண்மையானது.

எனக்கு வலிக்கிற இடம் இது. ‘பெரோன்’ என்ற பெயர் எல்லாரையும் கொள்ளும் அளவுக்கு வெறுமையானது எப்படி என்று லக்லாவ் அழகாகச் சொல்கிறார். அது முதலில் எதனால் நிரம்பியிருந்தது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. 1944இல் பண்ணைக் கூலிகளுக்கு முதன்முறையாகச் சட்டப் பாதுகாப்பு. சம்பளத்தோடு விடுப்பு. அக்டோபர் 17க்குப் பிறகு, 1945 டிசம்பரில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆணை. முதலாளிகள் அதை எதிர்த்து அடுத்த மாதமே கதவடைப்பு நடத்தினார்கள். நீரூற்றில் கால் நனைத்தவர்கள் ஒரு குறிப்பானைத் தேடி வரவில்லை. அதுவரை கைக்குக் கிடைத்ததைப் பறிகொடுக்கக் கூடாது என்று வந்தார்கள். பிறகு அந்தப் பெயர் எவ்வளவு தூரம் மிதந்தாலும், வருடக் கடைசியில் கையில் வாங்குகிற அந்தப் பதின்மூன்றாவது சம்பளம் அதைத் தரையில் கட்டி வைத்தது.

போலந்திலும் அதே கதைதான், தலைகீழாக. 1989இல் எதிரி விழுந்தபோது சங்கிலியும் அவிழ்ந்தது. 1990 ஜனவரியில் சாலிடாரிட்டியிலிருந்து வந்த அரசே சந்தைச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1996இல் கதான்ஸ்க் கப்பல் தளம் திவாலானது. எல்லாருடைய கோரிக்கைக்கும் பெயர் கொடுத்தவர்களின் வேலையே போனது. ஒரு சங்கிலியில் யார் பேரால் யார் லாபமடைகிறார்கள் என்று கேட்பதற்கு, கூலி, உபரி, சொத்து ஆகியவற்றைப் பற்றிய அந்தப் பழைய கணக்கு வேண்டும். 1985 நூலில் அந்தக் கணக்கு அநேகமாக இல்லை. மையம் முன்கூட்டி நிச்சயிக்கப்பட்டதில்லை என்று நிரூபித்த வேகத்தில், மூலதனம் எப்படி இயங்குகிறது என்ற ஆராய்ச்சியை மேசையிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்கள். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

அண்மைக் காலத்தில் இந்தக் கோட்பாட்டை நடைமுறையில் கையாண்டவர்களைப் பார்க்கும்போது இந்தக் குறை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 2014இல் ஸ்பெயினில் தொடங்கிய பொடேமோஸ் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான இன்யிகோ எர்ரெஹோன் லக்லாவைக் கரைத்துக் குடித்தவர். பழைய இடது, வலது பிரிவை விட்டுவிட்டு, மக்கள் ஒரு பக்கம், ‘காஸ்தா’, அதாவது சலுகை பெற்ற ஆளும் கூட்டம், மறுபக்கம் என்று கோடு கிழித்தார்கள். கோடு வேலை செய்தது, கட்சி வேகமாக வளர்ந்தது. அதே சொல்லை ஒன்பது வருடம் கழித்து அர்ஜென்டினாவில் ஹாவியர் மிலேய் எடுத்துக்கொண்டார். அவர் தீவிரச் சந்தைவாதி. மக்கள் எதிர் காஸ்தா என்ற அதே கோடு, இப்போது பொதுச் செலவை வெட்டுவதற்கு. 2023 நவம்பரில் ஏறத்தாழ 56 சதவீத வாக்கு வாங்கி வென்றார்.

லக்லாவ் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். 2014இலேயே அவர் இறந்துவிட்டார். குறிப்பான்கள் மிதக்கும், எந்தப் பக்கமும் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கோட்பாடே. ஆனால் ஏன் அந்த வருடம், ஏன் அந்தப் பக்கம் என்ற கேள்விக்குக் கோட்பாடு பதில் தராது. அந்த வருடம் அர்ஜென்டினாவில் பணவீக்கம் 211 சதவீதம். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் பதிவில்லாத வேலையில் இருந்தார்கள். சட்டப்படி அவர்களுக்கும் உரிமை உண்டு. நடப்பில் விடுப்புச் சம்பளமும் பதின்மூன்றாவது சம்பளமும் அவர்களில் பெரும்பாலோர் கைக்கு வருவதில்லை. மிலேய்க்கு எதிராக நின்றது பதவியிலிருந்த பெரோனியப் பொருளாதார அமைச்சர். தொழிலாளர் உரிமையைக் காப்பாற்றுங்கள் என்று அவர் கேட்டபோது, அந்த உரிமையைக் கண்ணிலேயே பார்த்திராத ஒரு தலைமுறையிடமும்தான் கேட்டார்.